மனு எழுதிக் கொடுப்பது தூண்டிவிடுவதா?

திங்கட்கிழமை நடந்தது நம் மலைப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். காட்டு நிலத்துக்கு உரிமை கேட்ட வன உரிமை மனு தள்ளுபடியான பணியர் பழங்குடிக் குடும்பங்களோடு மேல்முறையீடு கொடுக்க வந்த சட்டக் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்து, "நீங்கதான் இவங்களைத் தூண்டிவிடுறீங்க" என்றார் ஒரு அதிகாரி. அவர் சொன்னதைவிட, "சரியாத்தான் சொன்னாரு" என்று நம் ஊர்க்காரர்களே பேசுவதுதான் எனக்கு வலிக்கிறது.

மனு எழுதிக் கொடுப்பது தூண்டிவிடுவது இல்லை. சட்டத்தில் இருப்பதை எடுத்துச் சொல்வதும் தூண்டிவிடுவது இல்லை.

வன உரிமைச் சட்டம் வந்தது 2006-இல். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம், பழைய கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாமே அங்கே வாழ்ந்ததற்குச் சான்றுதான் என்று அதன் விதியிலேயே இருக்கிறது. மனுவைத் தள்ளினால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இதையெல்லாம் பணியர் குடியிருப்பான பாடிக்குள் போய் யார் சொன்னார்கள்? இந்தப் பிள்ளைகள்தான்.

ஒரு பாட்டியின் வாக்குமூலத்தை ஒரு மாணவி எழுதும்போது பக்கத்தில் இருந்தேன். பாட்டி பணிய மொழியில் சொல்ல, பேரன் தமிழில் சொல்ல, இவள் எழுதினாள். முடித்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டினாள். பலா மரம் கிணற்றுக்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்று பாட்டி திருத்தினார். அடித்து எழுதி, மறுபடி வாசித்த பிறகுதான் கைநாட்டு வாங்கினாள். தூண்டிவிடுகிறவர்கள் இப்படியா செய்வார்கள்?

"படிப்பே முடிக்காதவர்களுக்கு என்ன தெரியும், வக்கீலிடம் போகட்டுமே" என்கிறார்கள். சரி, மாணவர்கள் கோர்ட்டில் வாதாட முடியாது. அவர்கள் வாதாடவும் இல்லையே. பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த வக்கீல் வரைக்கும் கூட்டிப்போகவும் ஆள் வேண்டும் இல்லையா? "உரிமை கொடுத்தால் காடு அழிந்துவிடும்" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே மனம் வரவில்லை. இந்த மலையை வெட்டித் தேயிலை போட்டது பணியர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. சாதிச் சான்றிதழுக்கு அப்பா நாயாக அலைந்தபோது, எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன்தான் மனு எழுதினார். அவரும் அப்போது படிப்பை முடிக்கவில்லை. அவரை யாரும் தூண்டிவிடுகிறார் என்று சொல்லவில்லை. நமக்கு எழுதினால் உதவி, பணியருக்கு எழுதினால் தூண்டுதலா? இன்றைக்குப் பேசுகிறவர்களில் சிலருடைய வீட்டு மனுவையும் அந்த அண்ணன்தான் எழுதினார்.

மேல்முறையீட்டுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. பாடிகளுக்குத் துணைக்கு வரவும், ஜெராக்ஸ் செலவைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். முடிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.