பிஎட் சான்றிதழ் இருக்கிறது, அந்த 45 நாளுக்கான கடிதம் எங்கே?

ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆசிரியராகச் சேர நினைக்கும் நம்மவர்கள் எல்லோரும் முதலில் பயப்படுவது ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்து. பயிற்சி எடுத்தால் அது ஏறும். ஊரில் பிஎட் படித்தபோது எத்தனை நாள் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் எடுத்தீர்கள் என்ற கணக்கு இனி ஏறாது. அதனால் அந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். வேலைத் திறன் அடிப்படையில் விசா கேட்பவர்களின் படிப்பை மதிப்பிடுவது ஏஐடிஎஸ்எல் என்ற தேசிய அமைப்பு. வகுப்பறைக்குள் நுழைய அனுமதி தருவது மாநில அமைப்பு: நியூ சவுத் வேல்ஸில் நெசா, விக்டோரியாவில் விஐடி, குவீன்ஸ்லாந்தில் க்யூசிடி. ஒன்றில் தேறியதால் மற்றொன்று தானாகக் கிடைத்துவிடாது. கணவர் அல்லது மனைவியின் விசாவில் ஏற்கெனவே நிரந்தர வசிப்புரிமையோடு (பிஆர்) இருப்பவருக்கு ஏஐடிஎஸ்எல் மதிப்பீடே தேவையில்லை. நேராக மாநில அமைப்புக்குப் போகலாம். இது தெரியாமல் அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வருந்துபவர்கள் உண்டு.

ஏஐடிஎஸ்எல் கேட்பது நான்கு ஆண்டு உயர்கல்வி. அதில் குறைந்தது ஓராண்டு ஆசிரியர் பயிற்சியாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டு பிஎஸ்சியும் பழைய ஓராண்டு பிஎட்டும் சேர்ந்தால் சரியாக நான்கு. தமிழ்நாட்டின் இரண்டு ஆண்டு ஆசிரியர் பட்டயப் படிப்பான டிடிஎட்டோ, இலங்கைக் கல்வியியற் கல்லூரியின் மூன்று ஆண்டு டிப்ளோமாவோ தனியாக அந்தக் கணக்கை எட்டாது. இலங்கையில் பட்டத்துக்குமேல் பட்டப்பின் கல்வி டிப்ளோமா முடித்தவர்களின் நிலை இதைவிட நன்றாக இருக்கும்.

அடுத்ததுதான் சிக்கல். பயிற்சிப் படிப்பின் அங்கமாக, மேற்பார்வையோடு, குறைந்தது 45 நாள் கற்பித்திருக்க வேண்டும். அதுவும் நீங்கள் விண்ணப்பிக்கும் பிரிவின் (தொடக்கப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி போன்றவை) வயதுப் பிள்ளைகளுக்கு. இந்தியாவில் ஆசிரியர் கல்விக்கு விதி வகுக்கும் என்சிடிஇயின் 2009 விதிமுறை ஓராண்டு பிஎட்டுக்குக் கேட்டது குறைந்தது 40 நாள். 2014 விதிமுறையில் படிப்பு இரண்டு ஆண்டாகி, பள்ளிப் பயிற்சி 20 வாரமானது. புதிய பிஎட் படித்தவருக்கு இங்கே தொல்லையில்லை. பழைய பிஎட்காரர், தன் கல்லூரி 40 நாளோடு நிறுத்திக்கொண்டதா, கூடுதலாக அனுப்பியதா என்று கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பதினைந்து ஆண்டு வகுப்பெடுத்த ஒருவரின் படிப்புக்காலப் பயிற்சியில் ஐந்து நாள் குறைவதைக் குறையாகப் பார்ப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மதிப்பெண் பட்டியலில் கற்பித்தல் பயிற்சிக்கு மார்க் இருக்கும், நாள் இருக்காது. ஆகவே கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் தனிக் கடிதம் வேண்டும். பதிவெண், படித்த ஆண்டு, பயிற்சி எடுத்த பள்ளி, எந்தெந்த வகுப்பு, மொத்த நாள், மேற்பார்வையிட்டு மதிப்பிட்டார்கள் என்ற வாசகம், முதல்வரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் அதில் வர வேண்டும். ‘ஒரு பருவம்’ என்றோ ‘சுமார் இரண்டு மாதம்’ என்றோ எழுதி வாங்காதீர்கள். நாளை எண்ணால் எழுதச் சொல்லுங்கள். கல்லூரி மூடிவிட்டால் பல்கலைக்கழகத்தைத்தான் அணுக வேண்டும். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தொடங்கியது 2008-இல். அதற்கு முன் முடித்தவர்களுக்குப் பட்டம் கொடுத்தது வேறு பல்கலைக்கழகம். எந்த வாசலுக்குப் போவது என்று பட்டச் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சென்னையிலோ மதுரையிலோ இருக்கும்போது இரண்டு நாள் அலைச்சலில் முடிகிற வேலை, மெல்பர்னிலிருந்து அண்ணனையோ மாமாவையோ அனுப்பிச் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

பெயர் இன்னொரு தலைவலி. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்பதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை விமானம் ஏறுமுன் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்கு ஏஐடிஎஸ்எல் கேட்பது ஐஈஎல்டிஎஸ் அகாடமிக்கில் ரீடிங், ரைட்டிங் 7. லிசனிங், ஸ்பீக்கிங் 8. இரண்டு முறை எழுதிய முழுத் தேர்வுகளிலிருந்து நல்ல மதிப்பெண்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்க முடியாது. இந்தியாவிலோ இலங்கையிலோ ஆங்கில வழியில் படித்தது விலக்குத் தராது. ஸ்பீக்கிங்கில் 8 என்றால் பயந்துபோகும் பலர் ரைட்டிங்கை அலட்சியமாக விடுவதைப் பார்க்கிறேன். மனப்பாடம் செய்த முன்னுரையும் கேள்வியைத் தொடாத பதிலும் அங்கேதான் 6.5-இல் நிறுத்திவிடும்.

மாநிலப் பதிவில், முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து நன்னடத்தைக்கான சான்றும் கேட்பார்கள். இந்தியாவில் ஆசிரியர்களுக்கென்று பதிவு கவுன்சில் கிடையாது. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் தேர்ச்சிச் சான்றிதழ் அந்த இடத்தை நிரப்பாது. வேலை பார்த்த பள்ளியிலிருந்து, சேர்ந்த தேதி, விலகிய தேதி, எடுத்த பாடம், நடத்தை பற்றிய வரி ஆகியவற்றோடு கடிதம் வாங்கி வையுங்கள்.

45 நாளை எப்படியும் காட்ட முடியாதவர், பட்டம் இருந்தால், இங்கேயே இரண்டு ஆண்டு மாஸ்டர் ஆஃப் டீச்சிங் படிக்கலாம். அதில் குறைந்தது 60 நாள் பள்ளிப் பயிற்சி உண்டு. மொழியறிவுக்கும் எண்ணறிவுக்குமான லான்டைட் தேர்விலும் தேற வேண்டும். செலவும் காலமும் அதிகம்தான். ஆனால் இங்குள்ள வகுப்பறையைப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சனி, ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் கற்பிப்பது அருமையான சேவை. வேலைக்கான சுயவிவரத்தில் அதைத் தாராளமாக எழுதுங்கள். 45 நாள் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.