ஹாங்க் ஆரோனின் ஹோம் ரன்களைக் கழித்துப் பார்த்தால்

ஹாங்க் ஆரோனிடம் இருந்தது ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸ்களையும் சுற்றி வந்து ரன் எடுப்பது) அடிக்கும் பலம் மட்டும்தான், அதை எடுத்துவிட்டால் அவர் சாதாரண பேஸ்பால் ஆட்டக்காரர் என்ற கருத்தை இங்கே சிலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அன்புடன் சொல்கிறேன், அது சரியல்ல.

1954 முதல் 1976 வரை அவர் எடுத்த மொத்த ஹிட்கள் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டியவை) 3,771. அதில் ஹோம் ரன்கள் 755. கழித்தால் 3,016. அதாவது, ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல் இருந்திருந்தாலும் 3,000 ஹிட்களைக் கடந்தவர் அவர். அந்த எல்லையைத் தொடாமலேயே ஓய்வுபெற்ற பெரிய ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர்! 1956, 1959 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவின் இரு முதன்மை பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த பேட்டிங் சராசரியும் (அடிக்கும் வாய்ப்புகளில் ஹிட்களின் விகிதம்) அவருடையதுதான்.

யார் வேண்டுமானாலும் இதைச் சரிபார்க்கலாம். மேஜர் லீக் பேஸ்பாலின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அவர் பெயரைத் தேடி, ஆட்டவாழ்வின் மொத்தக் கணக்கு உள்ள வரிக்குப் போங்கள். ‘எச்’ என்ற பத்தி ஹிட்கள், ‘எச்ஆர்’ என்பது ஹோம் ரன்கள். ஹோம் ரன்னும் ஒரு ஹிட்தான் என்பதால் 755 ஏற்கெனவே 3,771-க்குள் அடங்கிவிட்டது. அதனால்தான் கூட்டாமல் கழிக்கிறோம்.

1974 ஏப்ரல் 8 அன்று முந்தைய சாதனையாளர் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன்களை அவர் தாண்டிய அந்த ஒரு அடியின் புகழ் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது என்பது என் வருத்தம்.