ரைட் ஃபீல்டில் யார் நிற்கிறாள்?

எங்கள் ஊர்த் தமிழர் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். புதிதாகக் குடிவந்தவர். "இரண்டும் பெண் பிள்ளைகள், பன்னிரண்டு வயது, எட்டு வயது. சாஃப்ட்பால் சேர்க்கணும். எது நல்ல லீக்?" சாஃப்ட்பால் என்றால் பேஸ்பால் மாதிரியே பேட்டும் பந்தும் வைத்து ஆடுவது, இங்கே பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் ஆட்டம். அரை மணி நேரத்தில் பதினைந்து பதில்கள் வந்துவிட்டன. எந்த அணி எத்தனை கோப்பை வாங்கியது, எந்தக் கோச் கல்லூரி அணியில் ஆடியவர், எந்த மைதானத்தில் இரவு விளக்கு உண்டு. நல்ல டியூஷன் எது என்று கேட்டால் போன வருடம் எத்தனை பேர் சென்டம் என்று சொல்வோமே, அதே ரகம். நானும் இரண்டு வரி தட்டி அழித்துவிட்டேன். மூன்று வருடம் பணம் கட்டிப் படித்த பாடம், இரண்டு வரிக்குள் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மத்திய நியூ ஜெர்சி. பெரியவளுக்குப் பத்து வயதானபோது, தெரிந்தவர்கள் எல்லாரும் போகிறார்களே என்று அவளை டிராவல் அணி ஒன்றின், அதாவது ஆளைத் தேர்ந்தெடுத்து வெளியூர்ப் போட்டிகளுக்குக் கூட்டிப்போகும் அணியின், டிரைஅவுட் எனும் தேர்வுக்கு அழைத்துப் போனேன். ஆகஸ்ட் வெயில். முதுகில் எண் ஒட்டி ஓடவிட்டார்கள், எறியவிட்டார்கள், அடிக்கவிட்டார்கள். இரண்டு நாளில் "தேர்வாகிவிட்டாள்" என்று மின்னஞ்சல். வீட்டில் பாயசம் வைக்காத குறை. கட்டணம் ஆயிரத்து எண்ணூறு டாலர். பேட், பை, இரண்டு செட் சீருடை எல்லாம் தனிக் கணக்கு. அணியில் இடம் கொடுக்கிறார்கள் என்றால் ஆடக் கொடுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன்.

பென்சில்வேனியாவில் ஒரு வார இறுதிப் போட்டி. சனி, ஞாயிறு சேர்த்து நான்கு ஆட்டம், ஒரு இரவு ஹோட்டல். கோச்சின் மகள் பந்து எறியும் பிட்ச்சர், உதவிக் கோச்சின் மகள் ஷார்ட்ஸ்டாப், இரண்டும் பந்து ஓயாமல் வரும் இடங்கள். இதற்கு அமெரிக்கர்களே வைத்திருக்கும் பெயர் 'டாடி பால்', அப்பா ஆட்டம். என் மகள் இரண்டு நாளில் மொத்தம் மூன்று இன்னிங்ஸ், மைதானத்தின் தூர மூலையான ரைட் ஃபீல்டில் நின்றாள். அங்கே பந்து ஒன்றுகூட வரவில்லை. மற்ற நேரமெல்லாம் அணி காத்திருக்கும் டக்அவுட்டில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தாள், எல்லாரோடும் சேர்ந்து பாட்டுப் பாடினாள். ஞாயிறு இரவு சலவை இயந்திரத்தில் துணி போடும்போதுதான் பார்த்தேன். வெள்ளை பேன்ட்டில் ஒரு பொட்டு மண் இல்லை. அப்படியே மடித்து அலமாரியில் வைத்திருக்கலாம்.

எனக்கு அது புதிதல்ல. பள்ளியில் நான் எறிபந்து அணியில் 'இருந்தவள்'. கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போட்ட கணக்கில் இருந்தவள். ஏழு பேர் ஆடுவார்கள், நான் பத்தாவது. அதற்கு என் அப்பா ஆயிரத்து எண்ணூறு டாலர் கட்டவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

"கல்லூரியில் ஸ்காலர்ஷிப் கிடைக்குமே" என்று உடனே ஒரு குரல் கேட்கும், தெரியும். எங்கள் வீட்டிலும் கேட்டது. டிவிஷன் ஒன் எனும் முதல் நிலைக் கல்லூரி சாஃப்ட்பால் அணி ஒன்றுக்குச் சமீப காலம் வரை மொத்தம் 12 முழு உதவித்தொகைக்குத்தான் அனுமதி. அதையும் இருபது பேர் வரைக்கும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். பத்து வயதிலிருந்து கட்டுகிற டிராவல் பணத்தை வங்கியில் போட்டாலே பாதிப் படிப்புச் செலவு தேறும். இது என் வீட்டுக்காரர் போட்ட கணக்கு. அவருக்கு எதையும் எக்செல்லில் போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும்.

சரி, ரைட் ஃபீல்டுக்கு வருகிறேன். சாஃப்ட்பால் பார்த்தே இராதவர்களுக்கு: அடிப்பவரின் இடத்தில் நின்று மைதானத்தைப் பார்த்தால் வலது கைப்பக்கம் தூரத்தில் இருக்கும் மூலைதான் ரைட் ஃபீல்ட். பெரும்பாலான குழந்தைகள் வலதுகைக்காரர்கள், சின்ன வயதில் அடியிலும் பலம் குறைவு. அதனால் பந்து அந்தப் பக்கம் போவது அபூர்வம். அணியில் யாருக்கு ஆட்டம் குறைவாக வருமோ அவளை அங்கே நிறுத்துவது ஊரறிந்த வழக்கம். எட்டு வயதுப் பிரிவில் அந்த மூலையில் டான்டெலியன் பூ பறிக்கிற ஒரு குழந்தையை நீங்கள் கட்டாயம் பார்க்கலாம். போன வருடம் என் சின்னவளே பறித்தாள், எனக்கும் ஒன்று கொண்டுவந்தாள்.

லீகைத் தேர்ந்தெடுக்க என் ஒரே அளவுகோல் அந்த மூலைதான். ஒரு சனிக்கிழமை பதிவு எதுவும் செய்யாமல் சும்மா போய், முன்பின் தெரியாத இரண்டு அணிகள் ஆடுவதைப் பாருங்கள். பிட்ச்சரை விட்டுவிடுங்கள். முதல் இன்னிங்ஸில் ரைட் ஃபீல்டில் நின்றவள் நான்காவது இன்னிங்ஸில் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். இன்னும் அங்கேயே நின்றால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர் மைதானத்துக்குப் போய்விடலாம்.

விதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஊர் ஊராகக் குழந்தைகள் லீகுகளை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பில் வழக்கமான சீசன் ஆட்டத்தில் ஒவ்வொரு குழந்தையும் ஒரு முறையாவது பேட் பிடிக்க வேண்டும், ஆறு அவுட் விழும்வரை களத்தில் நிற்க வேண்டும். நல்ல விதிதான். எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் அது சொல்லவில்லை. மிச்சம் கோச்சின் மனசு.

சின்னவளை நாங்கள் சேர்த்தது ஊர் ரெக் லீகில், தேர்வு இல்லாமல் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் உள்ளூர் லீகில். கட்டணம் நூற்றெழுபது டாலர், சட்டையும் தொப்பியும் அதற்குள் அடக்கம். முதல் ஆட்டத்துக்கு முன்னால் அவள் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க டக்அவுட் பக்கம் போனேன். கம்பி வேலியில் இரண்டு துணிக் கிளிப் போட்டு ஒரு தாள் தொங்கியது. நெடுக்கில் பதினொரு பெயர்கள், குறுக்கில் ஐந்து இன்னிங்ஸ். பேனாவால் கோடு போட்ட கட்டங்களில், யார் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு இன்னிங்ஸாவது இன்ஃபீல்டில், பந்து அதிகம் வரும் உள்பகுதியில். கோச்சின் மகள் பெயரைத் தேடினேன். முதல் கட்டத்திலேயே ரைட் ஃபீல்ட். அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். என்னிடம் யாராவது லீக் பற்றிக் கேட்டால் அதைத்தான் அனுப்புகிறேன்.

அந்த அணி நிறையத் தோற்றது, மறைக்கவில்லை. செகண்ட் பேஸில் நின்ற என் மகள் கையுறைக்குள் விழுந்த பந்தைத் தேடிக்கொண்டே இருக்க எதிரணியில் இரண்டு பேர் ஓடிக் கடந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை செம்மண்.

பெயரை நம்பாதீர்கள், பந்து ஒன்றும் சாஃப்ட் இல்லை. 1887-ல் சிகாகோவில் குளிர்காலத்தில் அறைக்குள் ஆடக் கண்டுபிடித்தபோது, குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைக் கயிறு கட்டி உருட்டித்தான் பந்தாக்கினார்களாம். பெயர் நின்றுவிட்டது, பந்து இறுகிவிட்டது. இன்ஃபீல்டில் நிற்கும் பிள்ளைக்கு முகம் காக்கும் கம்பிக் கவசம் வாங்கிக் கொடுங்கள், லீக் கட்டாயமாக்காவிட்டாலும். கோச்சுகளுக்கும் உதவியாளர்களுக்கும் ஆண்டுதோறும் பின்னணிச் சோதனை நடக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முறையான லீக் என்றால் அந்தக் கேள்விக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

"பெண் என்றால் சாஃப்ட்பால்தானா, பேஸ்பால் கூடாதா?" என்பது பெரியவளின் கேள்வி. நியாயமான கேள்வி, பதிலும் எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. 1972-ல் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற பன்னிரண்டு வயதுப் பெண் லிட்டில் லீக் பேஸ்பாலில் மூன்று ஆட்டம் ஆடினாள். அவளை நீக்காவிட்டால் அந்த ஊர் லீகின் அங்கீகாரமே போய்விடும் என்று மேலிடம் மிரட்டியது. வழக்கு நடந்து பெண்கள் பக்கம் தீர்ப்பானது. 1974-ல் கதவைத் திறந்தார்கள். அதே வருடம் சாஃப்ட்பாலையும் தொடங்கினார்கள். கதவு திறந்தபோது அவளுக்கு வயது கடந்துவிட்டது. பெரியவளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவ எந்த பொசிஷன்மா?" என்றாள். பிட்ச்சர் என்றேன். அவளுக்குத் திருப்தி.

டிராவலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிரிவுக்கு வந்ததும் பந்து 11 அங்குலச் சுற்றளவிலிருந்து 12 ஆகிறது, பிட்ச்சர் நிற்கும் தூரம் 35 அடியிலிருந்து 40 ஆகிறது. பத்து வயதில் ராணியாக இருந்த பிள்ளைகள் இங்கே தடுமாறுவதும், அதுவரை யாரும் கவனிக்காதவள் மேலே வருவதும் இந்த நேரத்தில்தான். டிராவலை விட்டு ரெக்கில் இரண்டு வருடம் எல்லா இடத்திலும் நின்று பார்த்த பெரியவள், அடிப்பவருக்குப் பின்னால் கேட்சராக உட்காருவதுதான் தனக்குப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு, போன ஆகஸ்டில் அவளே மறுபடி டிராவல் கேட்டாள். வேறு அணிக்குப் போனோம். அந்தக் கோச் முதல் நாளே நேராகச் சொன்னார்: "என்னிடம் ஏற்கெனவே ஒரு கேட்சர் இருக்கிறாள். உங்கள் மகள் இரண்டாவது. நான்கு ஆட்டம் என்றால் இவளுக்கு ஒன்று, ஒன்றரை. சம்மதமா?" பெரியவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தலையாட்டிவிட்டாள். அந்த ஒன்றரை ஆட்டத்துக்கு நானும் மனசார பணம் கட்டினேன்.

ஆக, இப்போது ஒரே வீட்டில் இரண்டு லீக். வசந்தகாலச் சனிக்கிழமைகளில் வீட்டுக்காரர் ஒரு மைதானத்தில், நான் ஒரு மைதானத்தில். மதியத்துக்கு இரண்டு டப்பா புளியோதரை.

குழுவில் கேட்ட அந்த நண்பருக்கு: ஊர் ரெக் லீகுகள் பலவற்றில் வசந்தகாலப் பதிவு குளிர்காலத்திலேயே முடிந்துவிடும், தள்ளிப் போடாதீர்கள். படிவத்தின் கடைசியில் பெற்றோர் என்ன உதவி செய்வீர்கள் என்று கேட்பார்கள். இந்த முறை நான் ஸ்கோர் எழுதுகிறேன் என்று போட்டிருக்கிறேன். பேட்டை அசைக்காமலே மூன்றாவது ஸ்டிரைக் வாங்கி அவுட்டானால், ஸ்டிரைக்அவுட்டைக் குறிக்கும் 'கே' (K) எழுத்தைத் திருப்பிப் போட வேண்டுமாம். சமையலறை மேஜையில் பழைய நோட்டை வைத்துக்கொண்டு பெரியவள் சொல்லித் தருகிறாள். நான் இன்னும் நேராகவே போட்டுக்கொண்டிருக்கிறேன்.