காட்டைப் பேசினோம், மாட்டைப் பேசவில்லை

மேய்ச்சலுக்குக் காட்டைக் குத்தகைக்குப் பிடிக்கப் போகிறவர்கள் கேட்பது மூன்றே கேள்விதான். புல் எப்படி, தண்ணி இருக்கா, வருசத்துக்கு எவ்வளவு. நானும் அதைத்தான் கேட்டேன். சேலம் பக்கம் மேச்சேரிக்கும் நங்கவள்ளிக்கும் நடுவில் மூன்றரை ஏக்கர் மேட்டாங்காடு, மானாவாரி நிலம். என்னிடம் நாலு மாடு, முப்பது செம்மறி. காட்டுக்கார அண்ணன் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "புல்லு உனக்கு, புளியமரம் எங்களுக்கு. வேற என்ன தம்பி பேசறதுக்கு இருக்குது?" என்றார். மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பேச நிறைய இருந்தது.

அந்த நாலில் ஒன்று செவலை மாடு. சந்தையில் சல்லிசாகக் கிடைத்தது. சுழி பார்த்தேன், பல் பார்த்தேன், மடி பார்த்தேன். வேலி தாண்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. விற்றவர் தானாகச் சொல்வாரா என்ன? கிளுவை வேலியில் எங்கே சந்து இருக்கிறது என்று என்னைவிட அதற்குத்தான் தெரியும். அது நெம்பிப் போன வழியில் மற்ற மூன்றும் வரிசையாகப் போகும்.

பக்கத்துக் காட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று எல்லோரும் பெருமையாகப் பகிர்ந்தோமே, அந்த ஜவ்வரிசிக்கான கிழங்குதான். அதன் தழையில் இருக்கிற சயனைடு மாட்டைக் கொல்லும். நிறையத் தின்றுவிட்டால் மூச்சு வாங்கும், தள்ளாடும், கொஞ்ச நேரத்தில் சாய்ந்துவிடும். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு போன் அடித்து, டாக்டர் வந்து சோடியம் தயோசல்பேட் ஊசி போடுகிறவரை தாங்கினால் உண்டு. வெயிலில் வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்த தாளில் புதிதாகத் துளிர்க்கிற சோளத்திலும் அதே விஷம். என் மாடுகள் நாலு வாய் கடிப்பதற்குள் பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துவிட்டார். கோபத்தோடுதான் பிடித்துக் கட்டினார், ஆனால் அன்றைக்கு என் மாடுகளைக் காப்பாற்றியது அவர்தான்.

செவலை ராத்திரி முழுக்க அவர் கட்டுத்தரையில் நின்றது. தண்டம் கட்டினால்தான் அவிழ்ப்பேன் என்றார். 1871ஆம் வருடத்துக் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரை மேய்கிற மாட்டைப் பிடிக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் 24 மணி நேரத்துக்குள் பவுண்டில், அதாவது பிடிபட்ட மாடுகளை அடைக்கிற பட்டியில், கொண்டுபோய் விட வேண்டும். எங்கள் ஊரில் பவுண்டு என்ற சொல் மட்டும்தான் மிச்சம். அதனால் தண்டத்தைக் கட்டி அவிழ்த்து வந்தேன்.

வேலியை யார் அடைப்பது என்று அடுத்த சண்டை. "காடு சும்மா கெடந்தப்ப வேலி நல்லாத்தான இருந்துச்சு" என்றார் அண்ணன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காட்டைக் கொடுக்கும்போதே இருந்த சந்துகளை அவர் அடைக்க வேண்டும், என் மாடு உடைத்ததை நான் அடைக்க வேண்டும். இதை முதல் நாளே இரண்டு பேரும் வேலி ஓரமாக ஒரு சுற்று நடந்து பேசியிருந்தால் அரை மணி நேர வேலை.

செவலைக்குக் கழுத்தில் கட்டை தொங்கவிட்டேன். தலைக்கயிற்றை முன்னங்காலோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். பத்து நாள் அடங்கியது. அப்புறம் ஒருநாள் புதரில் கயிறு மாட்டி உச்சி வெயிலில் கத்திக்கொண்டு நின்றது. கட்டையும் கயிறும் போட்டால் ஆள் கூடவே இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தப்பில் பாதி என்னுடையது. ஐப்பசியில் பச்சையாகப் பார்த்த காட்டை வைத்துச் சித்திரைக்கும் கணக்குப் போட்டேன். கோடையில் அந்த மூன்றரை ஏக்கர் செம்மறிக்கே காணாது. பசித்த மாட்டுக்கு வேலி எம்மாத்திரம்?

அடுத்தது செம்மறிக் கிடாய். மேச்சேரி ஆட்டுக்குக் கொம்பே கிடையாது, அதனால் எனக்கும் பயமில்லை. தாய் செத்த குட்டி என்று புட்டிப்பாலில் வளர்த்தோம். என் பையன் அதன் நெற்றியில் கை வைத்துத் தள்ளித் தள்ளி விளையாடுவான், நாங்களும் சிரிப்போம். மனுசர்மேல் பயமே இல்லாமல் வளர்ந்த கிடாய்தான் கடைசியில் மனுசரை முட்டும். புளி பொறுக்க வந்த அண்ணனுடைய ஆத்தாவைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளிவிட்டது. மணிக்கட்டு எலும்பு முறிவு. செலவு முழுக்க நான்தான் கொடுத்தேன், கொடுக்கத்தான் வேண்டும். ஆபத்தான பிராணியை அலட்சியமாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வரலாம். அண்ணன் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. ஆத்தா மட்டும், "கொம்பில்லாததே இந்தப் போடு போடுதே!" என்று இன்னமும் சொல்லிக் காட்டுகிறது.

அதனால் என் கட்சி இது. அடுத்தவர் காட்டில் மேய்க்கிறவன் அடங்காத மாட்டை வைத்திருக்கக் கூடாது. மூன்று தடவை வேலி தாண்டினால், ஒரே ஒரு தடவை ஆளை முட்டினால், அது அந்தக் காட்டை விட்டுப் போக வேண்டும். குத்தகை பேசும்போதே இதையும் பேச வேண்டும். மாடு மகாலட்சுமி, எப்படி விற்பது என்று கேட்பவர்கள் சொந்தக் காட்டில் வைத்துக் கும்பிடட்டும். வாய்ப்பேச்சே போதும் என்பவர்களுக்கும் ஒன்று: ஒரு வருடத்துக்கு மேல் போகிற குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது பதிவுச் சட்டம். நான் வருடா வருடம் புதிதாக ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன்.

கிடாய் கொங்கணாபுரம் சனிச் சந்தையில் கறிக்குப் போனது. செவலையை வாங்க வந்த வியாபாரி துண்டுக்குள் என் விரலைப் பிடித்து விலை பேசியபோது, "வேலி தாண்டும், கட்டிப்போட்டுத் தீனி போடறவங்களுக்குத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டேன். விரலை மடக்கி நாலாயிரம் குறைத்தார். வலித்தது. கூட வந்த மச்சான் வீடு வரும்வரை பேசவில்லை.

இந்தத் தையில் மறுபடி அதே காடுதான். வேலி, தண்டம், ஆடு மாடு கணக்கு, சித்திரையில் இரண்டு மாட்டை வெளியே கட்டுவது, எல்லாம் தாளில் இருக்கிறது. நான் எழுதி முடித்ததும் அண்ணி பேனாவை வாங்கி அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: "வெள்ளாடு ஒன்னு கூட வரக்கூடாது, வேப்பங்கன்னு வெச்சிருக்கறோம்."