‘நார்மல்’ என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள்

புற்றுநோயாளிகளின் சிறுநீரகப் பாதிப்பு பற்றிய ஆய்வுகள் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டு புற்றுநோயை எதிர்க்கும் சிகிச்சை) பக்கம் திரும்பிவிட்டதாக நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சரிதான். ஆனால் 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்து இன்றும் எத்தனையோ வார்டுகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. சிறுநீரகக் குழல்களைப் பதம் பார்க்கும் மருந்து அது.

என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வாராவாரம் சிஸ்பிளாட்டின், கூடவே சிறுநீரகத்தைக் காக்கச் சலைன், மெக்னீசியம். சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்து, நேரம் போட்டு நோட்டில் எழுதிவைப்பேன். மூன்றாவது வாரம் ரத்தத்தில் கிரியாட்டினின் 0.9. தசையிலிருந்து வரும் கழிவு அது; சிறுநீரகம் பழுதானால் அளவு ஏறும். ‘நார்மல்’ என்றார்கள். அம்மாவின் வளையலோ முழங்கை வரை ஏறியது. தசை கரைந்தவர்களுக்குக் கிரியாட்டினின் குறைத்தே காட்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஐந்தாவது வாரம் 2.1. நடுவில் இடுப்புவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலிமருந்தை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அது இன்றும் உறுத்துகிறது.

டென்மார்க்கில் சுமார் 37,000 புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஓராண்டுக்குள் திடீர் சிறுநீரகப் பாதிப்பு வரும் வாய்ப்பு 17.5 சதவீதம். தசையின் அளவை அதிகம் சாராமல் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிஸ்டாட்டின் சி ரத்தப் பரிசோதனையைப் பற்றி அந்தக் கட்டுரையில் இரண்டு வரியாவது எழுதியிருக்கலாம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அதுவும் மாறிக் காட்டும் என்றாலும், மெலிந்துபோன நோயாளி விஷயத்தில் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய பரிசோதனை அது.