ஜென்னி லிண்ட் இறங்கிய மேடை

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இசையமைப்பாளர் ஹாண்டலின் சிலைக்குக் கீழே ஒரு பெண்ணின் முகம் செதுக்கிய நினைவுக் கல் இருக்கிறது. 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று அறிந்திருக்கிறேன்' என்ற யோபுவின் வசனம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 'மேசியா' என்ற இசைப் படைப்பில் ஹாண்டல் சோப்ரானோ என்னும் உயர்ந்த பெண் குரலுக்கென்று இசையமைத்த வசனம் அது. அவர்தான் பாடகி ஜென்னி லிண்ட். ஸ்வீடனின் நைட்டிங்கேல் என்று உலகம் கொண்டாடிய அவர் 1887-இல் மறைந்தார். அவர் பாடிய ஒரு சுரம்கூட ஒலிப்பதிவாக இன்று நம்மிடம் இல்லை.

அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், புகழின் உச்சியில் இருந்தவரை மதப்பற்று முடக்கிப் போட்டுவிட்டது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1849 மே 10 அன்று லண்டனில் கடைசியாக ஓப்பராவில், அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்தில், நடித்துவிட்டு, 28 வயதில் அவர் நாடக மேடையை விட்டு இறங்கியது உண்மை. முடங்கிப் போனார் என்பதுதான் பொய். அந்த நம்பிக்கை அவரை எங்கே நிறுத்தியது, எங்கே அனுப்பியது என்று பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

கண்டிப்பான பக்தியின் கசப்பை அவர் பிறப்பிலேயே சுவைத்தவர். முதல் கணவரை மணமுறிவு செய்திருந்த அவருடைய தாய், அந்தக் கணவர் உயிரோடிருக்கும்வரை மறுமணம் பாவம் என்று கருதியதால், 1820-இல் ஸ்டாக்ஹோமில் ஜென்னி பிறந்தபோது பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. ஒன்பது வயதில், சன்னலோரம் உட்கார்ந்து தன் பூனைக்குப் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரலை ஒரு நடனக் கலைஞரின் பணிப்பெண் கேட்டுவிட்டுப் போய்ச் சொன்னதால் அரச நாடகப் பள்ளியின் கதவு திறந்தது. 1838 மார்ச் 7 அன்று இசையமைப்பாளர் வேபரின் ஓப்பராவில் அகாதே என்ற பாத்திரத்தில் அறிமுகமானார். அந்த நாளை வாழ்நாள் முழுவதும் இரண்டாவது பிறந்தநாளாகவே கொண்டாடினார்.

இளம் வயதிலேயே ஓய்வின்றிப் பாடியதால் இருபது வயதில் குரல் நைந்துபோனது. 1841-இல் பாரிஸுக்குச் சென்று மானுவல் கார்சியா என்ற பெரும் ஆசிரியரிடம் பாடிக் காட்டியபோது, உங்களிடம் கற்பிப்பதற்குக் குரலே மிச்சமில்லை என்பதுபோலச் சொல்லி, பல வாரங்கள் பாடவே கூடாது என்று அவர் அனுப்பிவிட்டார். ஆலயப் பாடகர் குழுவில் ஒரு கிறிஸ்துமஸ் காலம் முழுக்கத் தொண்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் அந்த மௌனத்தின் வேதனையை என்னால் கொஞ்சம் ஊகிக்க முடிகிறது. குரல் தம்முடையதன்று, இறைவன் தந்தது என்று லிண்ட் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரைக் காத்திருக்க வைத்தது என்பது என் எண்ணம். காத்திருந்தார், ஏறத்தாழ ஓராண்டு மூச்சிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் புதிதாகக் கற்றார்.

பிறகு பெர்லின், வியன்னா, லண்டன். இசையமைப்பாளர் மெண்டல்சோன் நண்பரானார்; 'எலியா' என்ற ஆரட்டோரியோவின் (வேடமும் நடிப்பும் இல்லாமல் பாடும் சமயக் கதையின்) இரண்டாம் பகுதியைத் தொடங்கிவைக்கும் சோப்ரானோ பாடலை, லிண்டின் உயர்ந்த எஃப் ஷார்ப் சுரத்தின் அழகை மனத்தில் வைத்தே அவர் எழுதினார். 1847 நவம்பரில் மெண்டல்சோன் 38 வயதில் இறந்துவிட, ஓராண்டுக்கு மேல் அந்தப் பாடலை லிண்டால் தொட முடியவில்லை. 1848 டிசம்பரில் லண்டனில் அதைப் பாடியபோது, வசூலானது ஏறத்தாழ 1,000 பவுண்டு. நண்பரின் பெயரில் இளம் இசைஞர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்த அந்தப் பணத்தைத் தந்தார்.

இதே காலத்தில்தான் அவருக்கு ஒரு திருமண நிச்சயமும் நடந்தது. மாப்பிள்ளை இந்தியப் படையில் பணியாற்றிய, பக்திமிக்க ஆங்கிலேய இளைஞர். இனி நடிக்க மாட்டேன் என்று திருமண ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும் என்றார். மனைவியின் சம்பாத்தியம் மனைவியின் கையிலேயே இருப்பது வேதத்துக்கு ஒவ்வாதது என்றும் கருதினார். லிண்ட் அந்த நிச்சயத்தை முறித்துக்கொண்டார். ஆனால் அதே ஆண்டில் தாமாகவே மேடையை விட்டார்! மதம் அவரை அடக்கியது என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எழுதித் தரச் சொன்னபோது மறுத்ததைத்தான், யாரும் கேட்காதபோது அவர் செய்தார்.

நாடக மேடை ஆன்மாவைக் கெடுக்கும் என்ற அவருடைய கருத்தை நான் ஏற்கவில்லை. அவரை உருவாக்கியதே அந்த மேடைதான். அவரும் ஓப்பரா இசையை வெறுக்கவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பாடிய முதல் கச்சேரியிலேயே, பழங்காலப் பூசாரினி ஒருத்தி நிலவை வணங்கும் பெல்லினியின் ஓப்பராப் பாடலை அவர் பாடியிருக்கிறார். வேடத்தையும் அந்த வாழ்க்கையையும் விட்டார், பாட்டை விடவில்லை.

அமெரிக்காவுக்கு அவரை அழைத்துப் போனவர் பி. டி. பார்னம் என்ற கண்காட்சி முதலாளி. கச்சேரிக்கு 1,000 டாலர் என்று 150 கச்சேரிகள்வரை பேசி, 1,87,500 டாலரை முன்கூட்டியே வங்கியில் கட்டினால்தான் வருவேன் என்றார் லிண்ட். ஸ்வீடனில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் அமைக்க அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. நியூயார்க்கில் நுழைவுச்சீட்டுகள் ஏலம் போயின. முதல் சீட்டைத் தொப்பி வியாபாரி ஒருவர் 225 டாலருக்கு எடுத்து, அதன் மூலமே தம் கடைக்குப் பெயர் தேடிக்கொண்டார். முதல் கச்சேரியில் கிடைத்த ஏறத்தாழ 10,000 டாலரை லிண்ட் அந்நகரத் தொண்டு நிறுவனங்களுக்கே கொடுத்தார். அந்தக் கொடையையும் அவருடைய பக்தியையும் பார்னம் விளம்பரமாக்கி விற்றார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அந்த வியாபார ஆரவாரம் பிடிக்காமல், 93 கச்சேரிகளுக்குப் பிறகு ஒப்பந்தப்படி இழப்பீடு கட்டிவிட்டு லிண்ட் விலகினார். மொத்தம் ஏறத்தாழ 3,50,000 டாலர் ஈட்டினார். அதில் பெரும்பகுதி அறப்பணிகளுக்கே போனது.

1852-இல் பாஸ்டனில் பியானோ கலைஞர் ஓட்டோ கோல்ட்ஷ்மிட்டை மணந்து, பின்னர் இங்கிலாந்தில் குடியேறினார். 1883-இல் ராயல் இசைக் கல்லூரியில் குரலிசைப் பேராசிரியரானார். அதற்கு முன், 1876-இல், கணவர் நடத்திய பாக் பாடகர் குழு இசையமைப்பாளர் பாக்கின் பி மைனர் மாஸ் என்ற பெரிய வழிபாட்டு இசையை இங்கிலாந்தில் முதன்முறையாக முழுமையாகப் பாடியது. முன்பு லிண்டின் முகத்தைப் பார்க்க நியூயார்க் துறைமுகத்தில் பல்லாயிரம் பேர் முண்டியடித்திருந்தார்கள். அன்று 55 வயதில், தனிப்பாடகியாக முன்னால் வராமல், சோப்ரானோ வரிசையில் மற்றப் பெண்களோடு நின்று அவர் கூட்டுப் பாடல்களைப் பாடினார்.