சின்க்ரமி படத்த கம்ப்யூட்டர் வரையல
வாட்ஸ்அப்புல ஒரு கிளிப் சுத்துது, கலர் கலரா கோடுங்க மியூசிக்கோட சேந்து துடிக்கும், கீழ "1971லயே கம்ப்யூட்டர் பாட்ட கேட்டு தானா வரைஞ்ச படம்"னு போட்டிருக்காங்க. தப்புங்க. அது கனடா நேஷனல் ஃபிலிம் போர்டுல நார்மன் மெக்லாரன்னு ஒரு அனிமேஷன் கலைஞர் பண்ண சின்க்ரமி, அந்த கேப்ஷன்ல வருஷம் மட்டும்தான் சரி.

அதுல கம்ப்யூட்டரும் இல்ல, வாத்தியமும் இல்ல. பழைய ஃபிலிம் சுருள வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், படத்துக்குப் பக்கத்துல ஓரமா ஒல்லியா ஒரு பட்டை ஓடும், அதான் சவுண்ட் டிராக், புரொஜக்டர் லைட் அது வழியா போய் போட்டோசெல்லுல (வெளிச்சத்த கரண்டா மாத்தற சாதனம்) விழுறப்போ வெளிச்சம் கூடிக் குறையறதுதான் ஸ்பீக்கர்ல சத்தமா வருது. அப்போ அந்தப் பட்டையில வெறும் கோடு இருந்தா? சத்தம் வரும்! செகண்டுக்கு 24 ஃபிரேம், ஃபிரேமுக்கு 10 கோடுன்னா 240 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 240 துடிப்பு. கோடு நெருங்க நெருங்க சுருதி ஏறும், பட்டைக்குக் குறுக்க நீளமா இருந்தா வால்யூம் கூடும்.

மெக்லாரன் இப்படி மொதல்ல இசைய முடிச்சாரு, அப்புறம் அதே கோடுகளையே படம் வர்ற எடத்துக்குக் கொண்டுவந்து கலர் குடுத்தாரு. அதனால அது சத்தத்த கேட்டு ஆடற கோடு இல்ல, நீங்க கேக்கற சத்தமே அந்தக் கோடுதான். கலர் மட்டும் அவர் இஷ்டம் (எனக்கு அந்தக் கலருங்கதான் ரொம்பப் புடிச்சுது, அது வேற விஷயம்).

இத்தனைக்கும் மனுஷன் 1940லயே டாட்ஸ்னு ஒரு குட்டிப் படத்துல படம், சத்தம் ரெண்டையும் பேனாவால நேரா ஃபிலிம் மேலயே வரைஞ்சவரு.